கடலூரில் 1994 மாடல் டீசல் ஜீப்: வீட்டு வாசலில் எதைச் செய்யலாம், எதை முதலில் செய்ய வேண்டும்?

கடலூர் முதுநகரிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, புதுச்சேரிப் பதிவு, ஃபோர் வீல் டிரைவ், 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை விடுகிறது. 60-ஐத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது. பண்ருட்டி போய்த் திரும்பினால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. டர்போ, 31 இன்ச் டயர், பவர் ஸ்டியரிங், பெரிய லைட் இவற்றில் எதை முதலில் போடலாம், நானே எவ்வளவு செய்துகொள்ளலாம் என்று வண்டிக்காரர் கேட்டிருக்கிறார்.

எதைப் போடலாம் என்பது மேலே தெரியும் கேள்வி. உள்ளே இருப்பது, முப்பது வருடம் ஓடிய வண்டியில் காசையும் உழைப்பையும் எந்த வரிசையில் இறக்குவது என்பது. முதலில் சேஸி, அடுத்து பிரேக், அடுத்து ஸ்டியரிங், பிறகு கூலிங், அதன் பிறகு டீசல் லைன். இந்த ஐந்தும் முடிந்து கையில் மிச்சம் இருந்தால்தான் மாடிஃபிகேஷன். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுவதால் கோளாறு இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்படிச் சோதித்தால் தெரியும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

கடலூரில் வண்டியைத் தின்பது உப்பு. கடல் காற்று ஒருபுறம் இருக்க, துறைமுகப் பக்கம் மீன் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போகிற ரோட்டில் கீழிருந்தும் உப்புத் தண்ணீர் அடிக்கிறது. ஜீப்பின் சேஸி நீளவாக்கில் இரண்டு பெட்டிக் கம்பிகள். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சேறும் உப்பும் சேர்ந்து ஊறிக்கொண்டிருக்கும். கால் கிலோ சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, முன்பக்க ஸ்பிரிங் ஹேங்கரிலிருந்து (ஸ்பிரிங்கைச் சேஸியில் மாட்டும் பிடி) பின் பம்பர் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று, நனைந்த அட்டையைத் தட்டினாற்போல் கேட்கும். குறிப்பாகப் பார்க்க வேண்டியவை ஸ்பிரிங் ஹேங்கர்களைச் சுற்றிய இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், பாடி மவுண்ட் ரப்பருக்கு அடி, பின் ஷாக்கிளுக்கு (ஸ்பிரிங் முனையைத் தாங்கும் ஆடும் இணைப்பு) மேல். மொத்தென்று கேட்ட இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பெயிண்ட் வேலையால் தீராது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ் மவுண்டிலும் ஸ்பிரிங் ஹேங்கரிலும் வீட்டு வெல்டிங் வேண்டாம், தேர்ந்த கையிடம் கொடுங்கள். எங்கே வெல்டிங் வைத்தாலும் பேட்டரி இரண்டு முனையையும், டைனமோ கனெக்‌ஷனையும் கழற்றிய பிறகே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டைனமோவின் டயோடு போகும்.

மேலோட்டமான துருவுக்கு வீட்டு வைத்தியம் போதும். கம்பி பிரஷ்ஷில் தேய்த்து உதிர்வதையெல்லாம் உதிர்த்து, நல்ல தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவிட்டு, பாஸ்போரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி தடவி, அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் சேஸி பெயிண்ட். பெட்டிக் கம்பியின் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (உட்புறத் துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்க வேண்டும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். அவை அடைத்திருந்தால் வேறு என்ன செய்தும் பலன் குறைவு. துருவுக்கு மேலேயே தார் போன்ற அண்டர்பாடி கோட்டிங் அடித்துத் தரும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோட்டிங் ஒரு வருடத்தில் மயிரிழை விரிசல் விடும், விரிசல் வழியே உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கும், இரும்பு மூடிய இடத்திலேயே கரையும். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசுவதும் வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிப்போகும், ஒழுகும் ஆயில் மண்ணில் இறங்கும். வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பைப் வைத்துக் கழுவுவது இவை எல்லாவற்றையும் விட மேல். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை.

கீழே படுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு கொடுத்து அதன்மேல் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ கூடாது, கனம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிக்காமல் புரொபெல்லர் ஷாஃப்டில் பிடிக்கும் அமைப்பு உண்டு. உங்களுடையது அப்படி இருந்தால், பின் சக்கரம் ஒன்றைத் தூக்கியதுமே அதன் பிடிமானம் போய்விடும். தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) வழியாகத் தரையில் நிற்கும் சக்கரமும் உருள வழி கிடைக்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதே என்று நம்பிப் படுக்கக் கூடாது.

பிரேக்கில் நான்கு பக்கமும் டிரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுங்கள். டாட் 4 கலந்தாலும் தவறில்லை. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு டிரம்மையும் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் பூட்டைச் சற்றே உரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்திருந்தால் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே குழி விழுந்திருக்கும் சிலிண்டருக்குக் கிட் மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும், முழுதாக மாற்றுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ ஏர் கம்ப்ரசராலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சேஸி ஓரமாக ஓடும் இரும்பு பிரேக் பைப், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். கிளிப்பை நீக்காமல் பார்த்தால் தெரியாது. மாற்றும்போது வெறும் செம்புக் குழாய் போடக் கூடாது, அதிர்வில் வெடிக்கும். பிரேக்குக்கென்றே வரும் இரும்பு அல்லது செம்பு-நிக்கல் குழாயில் டபுள் ஃப்ளேர் (முனையை இரட்டை மடிப்பாக விரிப்பது) அடித்துப் போட வேண்டும். ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துக்கு வாருங்கள்.

இப்போது ஸ்டியரிங் உதறல். இதற்கு உடனே ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்கும் சிறு ஷாக் அப்சார்பர்) போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். டேம்பர் நோயை மறைக்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், வீட்டில் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கில் லூஸ். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) பேரிங். பிரேக் பிடிக்கும்போது டிரம்மும் பேக் பிளேட்டும் ஒன்றாகிவிடுகின்றன, அதன்பின் மிச்சம் இருப்பது கிங் பின் மூட்டு ஒன்றே. அதனால்தான் இவ்வளவு சுலபமாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அடுத்து சக்கரத்தின் இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினால் டைராட் எண்டின் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) ஆட்டம் தெரியும். ஒரு கையை மூட்டின் மேல் வைத்துக்கொண்டு ஆட்டுங்கள், கண்ணுக்குப் படாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். கடைசியாக வண்டியை இறக்கி, இன்ஜின் அணைத்த நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் கை போன்ற டிராப் ஆர்மைப் பாருங்கள். ஸ்டியரிங் திரும்பியும் ஆர்ம் அசையாமல் இருந்தால் பாக்ஸ் அட்ஜஸ்ட்மெண்ட். பாக்ஸே அசைந்தால் மவுண்ட் போல்ட் லூஸ், அல்லது மேலே சொன்ன துரு.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் வீல் பேலன்ஸ், டோ (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நிற்கும் அளவு), ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ் என்ற வரிசையில் பாருங்கள். டோவை வீட்டிலேயே அளக்கலாம். இரண்டு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆக்ஸில் உயரத்தில் முன்பக்க இடைவெளியை அளந்துகொண்டு, அதே கோடு பின்னால் வரும்வரை வண்டியை முன்னே தள்ளி, பின்பக்க இடைவெளியை அளக்க வேண்டும். முன்னால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சரி. ஸ்பிரிங் பட்டையை அவிழ்த்தால், அதை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். அது ஒரு முறை இழுபட்டது. புதிது போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.

சூடு ஏறுவதில் முதலில் கவனிக்க வேண்டியது எப்போது ஏறுகிறது என்பது. திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன், ஃபேன் பெல்ட், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) பக்கம் பாருங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளே போகலாம், அதற்கு மேல் போனால் லூஸ். நெரிசலில் சும்மா இருந்து, நீண்ட ஓட்டத்தில் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு. உங்கள் பண்ருட்டிக் கதை இந்த இரண்டாவது வகையைப் போலத் தோன்றுகிறது. ரேடியேட்டரின் நடுப்பகுதியில் இருக்கும் மெல்லிய ஃபின்னை விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கடற்கரை வண்டிகளில் அது பச்சையும் வெள்ளையுமான பொடியாகக் கையோடு உதிரும். குழாயில் ஒட்டாத ஃபின் சூட்டைக் கடத்தாது. அந்த நிலையில் உள்ளே எத்தனை முறை ஃப்ளஷ் செய்தாலும் வீண், கோர் மாற்ற வேண்டும். தண்ணீருக்குக் கடலூர் போர் தண்ணீரை ஊற்றுவதுதான் பாதி அடைப்புக்குக் காரணம். கூலண்ட்டும் டிமினரலைஸ்டு தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் டப்பாவில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) எதற்கு என்று கழற்றி எறிவது பரவலான பழக்கம். இது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பைபாஸை அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பும். வண்டி இன்னும் சூடாகும். மற்ற வகையிலும் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி சிலிண்டர் தேயும். அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். மேலே பொறித்திருக்கும் டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்கினால் நல்லது. இத்தனைக்குப் பிறகும் ஏறினால் ஹெட் கேஸ்கட்டைச் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று குமிழி சகஜம். விடாமல் கொப்பளித்தால் கேஸ்கட், அல்லது ஹெட் வளைந்திருக்கிறது. அது லேத்துக்குப் போக வேண்டிய வேலை.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு எல்லோரும் முதலில் டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் குற்றம் சொல்வார்கள். நான் பேட்டரி எர்த்திலிருந்து (நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கும் பட்டை) தொடங்கச் சொல்வேன். காசே செலவில்லாத சோதனை அது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மற்றதை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையின் உள்ளே உப்பு பூத்திருக்கிறது. மாற்றிவிட்டு, உட்காரும் இடத்தை எமரி தாளில் பளபளக்கத் தேய்த்து, முறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

அடுத்தது ஹீட்டர் பிளக். இந்த இன்ஜின் முன் அறையில் டீசல் பீய்ச்சும் வகை. அந்தச் சின்ன அறையின் சுவர் கம்ப்ரஷன் சூட்டை உறிஞ்சிவிடுவதால், கடலூரின் 28 டிகிரி காலையிலும் இதற்கு ஹீட்டர் வேண்டும். அதனால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் கண்ணை எரிக்கும் டீசல் வாசனையோடு வெள்ளைப் புகை வந்து, இரண்டு நிமிடத்தில் தெளிந்தால் எரியாத டீசல்தான் அது. முதல் சந்தேகம் செத்த ஹீட்டர் பிளக். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். லாம்ப் எரியாத பிளக் செத்துவிட்டது. புகை தெளியாமல், இனிப்பான வாசனையோடு தொடர்ந்து வந்தால் அது கூலண்ட், மேலே சொன்ன கேஸ்கட் பக்கம் போங்கள். நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவது. கறுப்பு, டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு.

ஹீட்டர் நன்றாக இருந்தால் மூன்றாவது, ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸ் போட்டுப் பாருங்கள். காலையில் அதில் காற்றோ, ஓடும்போது குமிழியோ தெரிந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது. டீசல் வெளியே ஒழுகாத ஓட்டையும் ஏர் இழுக்கும். பெரும்பாலும் செம்பு வாஷர், பேன்ஜோ போல்ட் (டீசல் போக நடுவே துளையுள்ள போல்ட்), வெடித்த ரப்பர் ஹோஸ் இவற்றில் ஒன்று. செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். சோதனை முடிந்ததும் கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிடுங்கள், அது நிரந்தரத்துக்கு ஆகாது. ஏர் எடுக்க ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை கை பம்பை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே முறுக்குங்கள்.

பம்பும் நாசிலும் வீட்டில் திறக்கும் பொருள் இல்லை. அளவு பார்க்கும் பெஞ்ச் இல்லாமல் அதைத் தொட்டு யாரும் சரிசெய்ய முடியாது. நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்சவைத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. 100 பாரைத் தாண்டிய அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அடையாளம்தான் தெரியும், விரலையே இழக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. ரோட்டரி வகைப் பம்பு டீசலையே எண்ணெயாகக் கொண்டு ஓடுவதால், அதற்குள் தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறை ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்., அது பழைய பம்பைத் தின்கிறது என்று பேசுவார்கள். கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பு குறைவது உண்மை. ஆனால் அதை ஈடுகட்டும் பொருள் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்க்கப்படுகிறது, வழவழப்புக்கும் தரக்கட்டுப்பாடு உண்டு. பம்பு தேயும் என்ற பயம் மிகை என்பது என் கருத்து. பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது மட்டும் நடக்கக்கூடியது, கசிந்தால் சீல் செட் மாற்றினால் போதும். டூ ஸ்ட்ரோக் ஆயிலை டேங்கில் கலப்பதால் கெடுதல் நடந்ததாகச் சொல்ல மாட்டேன், அவசியம் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆயில்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினுக்கு சி.ஐ. 4 தரத்தில் 15 டபிள்யூ 40, ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தினாலும். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்) இருப்பதால் ஜி.எல். 4 தரக் கியர் ஆயில். ஆக்ஸில் இரண்டுக்கும் ஜி.எல். 5. ஜி.எல். 5-இல் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையைத் தாக்கக்கூடும், அதனால் மாற்றி ஊற்ற வேண்டாம். வடிக்கும் திருகைக் கழற்றும் முன் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து அது வராவிட்டால், காலியான கியர்பாக்ஸோடு வண்டி நின்றுவிடும். கியர்பாக்ஸில் லெவல் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கூடியிருந்தால் நடுவிலுள்ள சீல் போய்விட்டது. ஏர் ஃபில்டர் ஆயில் பாத் வகையானால் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அதிகம் ஊற்றினால் இன்ஜின் அதை இழுத்து டீசலாகவே எரித்து, ஆக்ஸிலரேட்டருக்குக் கட்டுப்படாமல் சுற்றும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தென்பெண்ணை நிரம்பியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படித் தண்ணீரில் இறங்கி வந்த வண்டிக்கு மறுநாளே ஆக்ஸில் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான ஹௌசிங் தண்ணீரில் அமிழ்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஊற்றும் திருகில் விரல் விட்டுத் தொட்டால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். அதை அப்படியே விட்டால் பேரிங் சில வாரங்களில் போகும். இதற்குத் தீர்வு மலிவானது. ஆக்ஸில் பிரீதரில் (உள்ளே காற்று போய்வரும் சிறு துளை) ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள். உங்கள் மாடிஃபிகேஷன் பட்டியலில் இல்லாத இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இரண்டாவதாக, லைட்டுக்கு ரிலே, அதாவது சுவிட்சின் சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைக்கும் கருவி. பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுதும் சுவிட்ச் வழியாகப் போய் வருவதால் பல்பில் 11.5 வோல்ட்டே எட்டும். 13.5 கிடைக்க வேண்டிய இடத்தில் 11.5 கிடைத்தால், வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். 60/55 வாட் பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர், 20 ஆம்பியர் ஃப்யூஸ், ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி ரிலே, ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் என்று கொடுத்தால் பெரிய லைட் கேட்கவே தோன்றாது. ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். 100 வாட் பல்பு சட்டப்படி கூடாது, ஹோல்டரும் உருகும்.

31 இன்ச் டயரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஜீப்களில் பலரும் போடும் 235/75 ஆர் 15 டயரின் உயரம் 733 மில்லிமீட்டர், 31 இன்ச் என்பது 787. ஏழு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் ஓடும். 60 குதிரைச் சக்திக்குச் சற்றே அதிகமுள்ள இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் கனமாகும், அதே டிரம் பிரேக் கூடுதல் நெம்புகோலை எதிர்த்து நிறுத்த வேண்டியிருக்கும், கிங் பின்னுக்கும் வீல் பேரிங்குக்கும் பாரம் ஏறும். இப்போதே உதறும் முன் ஆக்ஸிலுக்கு அது வேண்டாம். வண்டியை உயர்த்தும் கிட்டுக்கும் இதே கணக்குத்தான், கூடவே புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் கிராஸ் மூட்டு சீக்கிரம் போகும்.

டர்போ வேண்டாம். இதற்கு அமைக்காத பிஸ்டனும் கேஸ்கட்டும் கூடுதல் அழுத்தத்தையும் எக்ஸாஸ்ட் சூட்டையும் தாங்க வேண்டும். ஏற்கெனவே கூலிங் திணறும் வண்டி இது. டீசல் திருகைத் திறந்து சக்தி ஏற்றுவதும் அதே வழி. கறுப்புப் புகையோடு பழைய டீசல் வண்டிகளுக்கான 2.45 என்ற புகை வரம்பைத் தாண்டி, புகைச் சான்றிதழும் கிடைக்காது. பவர் ஸ்டியரிங் பற்றி என் கருத்து நடுவில் நிற்கிறது. தோள் வலி உள்ளவருக்கு அது உண்மையான உதவி. ஆனால் பம்ப் பிராக்கெட்டின் புல்லி, கிராங்க் புல்லியோடு நேர்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட்டைத் தின்னும், பாக்ஸ் மவுண்ட் பலமாக இல்லாவிட்டால் சேஸியை முறிக்கும். தேய்ந்த மூட்டுகளை மாற்றி, டயரில் காற்றுச் சரியாக வைத்து, கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்தபின் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கனமாக இருந்தால் அந்தக் காசை அதில் போடலாம்.

ஃபோர் வீலைக் காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பு இது, வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டியிருக்க, ஷாஃப்ட் முறுக்கேறி லீவர் சிக்கிக்கொள்ளும். தேவனாம்பட்டினம் மணலில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடுகின்றன, சக்கரத்தடியில் அந்தக் குழி தெரியாது.

கடைசியாகக் காகிதம். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1994-இல் பதிவானது 2009, 2014, 2019, 2024 என்று நான்கு முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆர்.சி.யில் கடைசிப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஒய். (புதுச்சேரி) பதிவு வண்டியைக் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் புதுச்சேரியிலிருந்து படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும். 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. முன்னால் இரும்புக் கம்பி கார்டு மாட்டுவதையும் இதே பிரிவின் கீழ்த் தடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன், சேஸியில் அடித்திருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் துலக்கி ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலும் உப்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். எண் அழிந்துபோனால் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நிறுத்திவிடுவார்கள். துலக்கியபின் அதன்மேல் கிரீஸ் தடவி விடுங்கள், பெயிண்ட் வேண்டாம்.